அம்மா கூப்பிடாத பெயர்

செங்காங்கில் எல்.ஆர்.டி. ரயில் ஏறி, காய்கறிப் பையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு கைப்பேசியைத் திறந்தபோதுதான் அந்தச் செய்தியைப் பார்த்தேன். நம் பழைய அலுவலகத் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவில், காலை வணக்கப் பூங்கொத்துகளுக்கும் மூட்டுவலி வைத்தியத்துக்கும் நடுவில் ஒரே வரி: "டாக்னி இன்று காலை காலமானார்." அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். "எந்த டாக்னி?" என்று ஒருவரும் கேட்கவில்லை. இதே குழுவில் போன வருடம் ஒரு லட்சுமி தவறியபோது, உயிரோடிருந்த மற்ற மூன்று லட்சுமிகளுக்கும் நாள் முழுக்கத் தொலைபேசி வந்துகொண்டே இருந்தது. அந்த மூன்றில் ஒருத்தி நான். என் அத்தை மகன் அழுதுகொண்டே கூப்பிட்டான். நான் "ஹலோ" என்றதும் திட்டினான்.

இறங்கவேண்டிய நிலையத்தை விட்டுவிட்டேன். அது வட்டமாகச் சுற்றிவரும் ரயில். இறங்காமல் உட்கார்ந்திருந்தால் ஏறிய இடத்துக்கே கொண்டுவந்து விடும். இரண்டு சுற்று சுற்றினேன். கீரை வாடிப்போயிற்று.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். அவர் பெயர் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பெயரின் கதை தெரிந்தவர்கள் குறைவு. எழுதலாமா என்று அவரிடமே ஒருமுறை கேட்டேன். "நான் போனப்புறம் எழுது லட்சு. நல்லா எழுது. இழுக்காத" என்றார். இழுக்காமல் எழுதப் பார்க்கிறேன். எனக்கு அது வராது என்று அவருக்கும் தெரியும்.

நான் மருத்துவமனையின் பிறப்புப் பதிவு முகப்பில் வேலைக்குச் சேர்ந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இப்போதெல்லாம் கைப்பேசியிலேயே பதிந்துவிடுகிறார்கள். அன்று பெற்றோர் எங்கள் முகப்புக்கு நேரில் வந்து, குழந்தையின் பெயரைச் சொல்லி, நாங்கள் தட்டச்சு செய்ததைச் சரிபார்த்து, சான்றிதழைக் கையில் வாங்கிப் போவார்கள். எனக்குப் பக்கத்து இருக்கையில், நெற்றியில் விபூதியும் மூக்கில் ஒற்றைக்கல் மூக்குத்தியுமாக ஓர் அக்கா. சட்டையில் குத்தியிருந்த பெயர் வில்லையில் 'டாக்னி' என்று இருந்தது. யாருடைய வில்லையையோ மாற்றிக் குத்திக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன்.

"அக்கா கிறிஸ்டியனா?" என்றேன்.

"ஏன், விபூதி தெரியலயா?"

"இல்ல, பேரு..."

"கப்பல் பேரு. எங்கப்பா ஜூரோங்ல கப்பலுக்குப் பெயிண்ட் அடிச்சாரு. அதுல ஒண்ணோட பேரு. போதுமா, இல்ல கப்பலோட எடையும் வேணுமா?"

இந்தப் பதிலை அவர் பள்ளிக்கூடத்திலிருந்தே சொல்லிச் சொல்லி மெருகேற்றி வைத்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. பள்ளியில் பிள்ளைகள் அவரை 'டாகி' என்று கூப்பிட்டுக் குரைத்துக் காட்டுவார்களாம். ஆசிரியர்கள் வருகைப் பதிவின்போது அந்தப் பெயர் வந்ததும் நிறுத்தி, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொள்வார்களாம். எனக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. பொறாமையாகத்தான் இருந்தது. அலுவலகத்திலேயே நான்கு லட்சுமிகள். என்னை 'கண்ணாடி லட்சுமி' என்பார்கள். இந்தத் தீவில் இன்னொருவருக்கு இல்லாத ஒரு பெயரோடு ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்து தயிர்ச்சாதம் சாப்பிடுகிறார் என்பதே எனக்கு அதிசயமாக இருந்தது. அதைச் சொன்னபோது, "உன் பேரக் கூப்பிட்டா நாலு பேரு திரும்புறாங்க. கூப்பிடுறதுக்கு ஆளும் இருக்கு. அதுக்கு என்ன கொடுத்து வச்சிருக்கணும் தெரியுமா?" என்றார். அப்போது எனக்கு அது புரியவில்லை.

அவருடைய வேலை முறை உங்களுக்கெல்லாம் மறந்திருக்காது. எங்கள் முகப்பில் மற்றவர்கள் பத்து நிமிடத்தில் முடிப்பதை அவர் இருபது நிமிடம் ஆக்குவார். விரல் வேகமானதுதான். எல்லாம் தட்டச்சு செய்து முடித்து, அச்சிடுமுன், கணவனை விட்டுவிட்டுக் குழந்தையின் தாயை மட்டும் பார்த்து ஒரு கேள்வி கேட்பார். "இந்தப் பேரச் சொல்லித்தான் நீங்க கூப்பிடுவீங்களா?" சீனராக இருந்தாலும் மலாய்க்காரராக இருந்தாலும் அவரவருக்குப் புரியும் மொழியில் அதே கேள்வி.

பெரும்பாலும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள். ஒருமுறை ஓர் இளம் தம்பதி, எண்கணிதக்காரர் போட்டுக்கொடுத்த பெயரை ஒரு தாளில் கொண்டுவந்தார்கள். இரண்டு 'எச்', மூன்று 'ஏ'. டாக்னி அக்கா வழக்கம்போலக் கேட்டார். அந்தப் பெண் தயங்கினாள். "வீட்டுல வேற கூப்பிடுவோம்கா, இது சும்மா பேப்பருக்கு" என்றாள். அக்கா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டார். "பேப்பருக்கு ஒரு பேரு, வாய்க்கு ஒரு பேரா? அது வளந்து உங்க வாயத்தான் பாத்துக்கிட்டு நிக்கும்மா. பேப்பரப் பாக்காது. போய் ஒரு கோப்பி குடிச்சிட்டு யோசிச்சிட்டு வாங்க." வரிசையில் பதினோரு பேர் நின்றார்கள். மேலாளர் கூப்பிட்டு, இது சேவை முகப்பா அல்லது குடும்ப ஆலோசனை நிலையமா என்று கேட்டார். அக்கா மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து, அடுத்து வந்த தாயிடமும் அதையே கேட்டார்.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதை ஒரு வெள்ளிக்கிழமை லிட்டில் இந்தியாவில் தெரிந்துகொண்டேன். வேலை முடிந்து இருவரும் கோயிலுக்குப் போனோம். அவருடைய அம்மா செல்லம்மா செங்காங்கிலிருந்து தனியாக ரயிலேறி வந்து, அர்ச்சனைச் சீட்டோடு காத்திருந்தார். மெலிந்த உடம்பு, கண்டிப்பான முகம். குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு பெயர், நட்சத்திரம் கேட்டார். நான் என்னுடையதைச் சொன்னேன். டாக்னி அக்கா வாய் திறக்குமுன் அவர் அம்மா முந்திக்கொண்டு, "சாமி பேருக்கே பண்ணிடுங்க" என்றார். குருக்கள் அம்மன் பெயரைச் சொல்லி அர்ச்சனை செய்து தட்டைத் திருப்பிக் கொடுத்தார். அக்கா குங்குமத்தை வாங்கிக்கொண்டார்.

வெளியே பூக்கடை ஓரம் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "பாத்தியா? கடவுள்கிட்டகூட என் பேரச் சொல்ல விடமாட்டாங்க. எங்கம்மா என்னைய இதுவரைக்கும் ஒரு தடவகூடப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல, லட்சு. ஒரு தடவகூட. பாப்பா, இந்தாடி, ஏய், வாடி, போடி. அவ்வளவுதான். எங்கப்பா கூப்பிடுவாரு. ஜூரோங்ல இருந்து கம்பெனி பஸ்ல வந்து இறங்கி, கீழ நின்னே மொத்த மாடி புளோக்கும் அதிரக் கூப்பிடுவாரு. எனக்கு ஒம்போது வயசுல அவரு நெஞ்சுவலியில போயிட்டாரு. அவரோட சேந்து வீட்டுல என் பேரும் போயிடுச்சு."

"ஏன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். 'கப்பல் பேர வச்சுட்டுப் போயிட்டாரு உங்கப்பா'ம்பாங்க. அதுக்கு மேல ஒரு வார்த்த வராது. புடிக்கல போல. பேரையா, என்னையவான்னுதான் தெரியல."

நாற்பதை நெருங்கிய ஒரு பெண், கல்யாணம்கூட வேண்டாம் என்று அந்த அம்மாவோடேயே இருந்து சோறு போடுகிறவர், இதைச் சொல்லும்போது சின்னப்பிள்ளையைப் போல உதட்டைக் கடித்துக்கொண்டார். எனக்குச் செல்லம்மா அம்மாமேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அந்தப் பெயருக்குப் பொருள் இருக்கிறது என்பதே எங்களுக்கு ஒரு நார்வேக்காரப் பெண் சொல்லித்தான் தெரிந்தது. கணவருக்கு இங்கே வேலை. குழந்தை இங்கே பிறந்திருந்தது. முகப்பில் வந்து உட்கார்ந்தவர் அக்காவின் பெயர் வில்லையைப் பார்த்துவிட்டு, பதிவுப் பாரத்தை நிரப்பாமல் அப்படியே இருந்துவிட்டார். பிறகு, தன் பாட்டனாரின் அக்காவுக்கு அந்தப் பெயர் என்றார். தங்கள் ஊரிலேயே இப்போது யாரும் வைப்பதில்லை, வயதான பெண்களிடம்தான் கேட்கலாம் என்றார். நம்மிடையே அலமேலு என்கிற மாதிரி என்று நான் எனக்குள் நினைத்துக்கொண்டேன்.

அவர் விளக்கியது இது. 'டாக்' என்றால் நாள், பகல். 'நி' என்றால் புதிய. டாக்னி என்றால் புது நாள். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய நார்ஸ் மொழியின் பெயர். அவர்களுடைய பழங்கதைகளில் வருகிற பெயர். நடுவில் நூற்றாண்டுக்கணக்கில் மறைந்துபோய், பழைய பெயர்களைத் தேடி எடுத்த ஒரு காலத்தில் மறுபடி உயிர்பெற்றது. அவர் நாட்டின் வடகோடியில் குளிர்காலத்தில் வாரக்கணக்கில் சூரியன் தலைகாட்டாதாம். பகலிலும் விளக்கு எரியுமாம். பிறகு ஒருநாள் மலைக்கு மேல் ஒரு விளிம்பு வெளிச்சம் வரும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வெளியே ஓடிவந்து பார்ப்பார்களாம். "அந்த மாதிரி இடத்தில் புது நாள் என்று ஒரு பெண்குழந்தைக்குப் பெயர் வைத்தால் என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள்" என்றார். இங்கே வருடம் முழுக்க ஏழு மணிக்கு உதித்து ஏழு மணிக்கு மறையும் சூரியனைப் பார்த்துப் பழகிய நாங்கள் இருவரும் அதை இன்னொருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டோம்.

நான் சும்மா இருப்பேனா? அந்த வாரமே நூலகத்துக்குப் போய்ச் சொற்பிறப்பு அகராதிகளைப் புரட்டினேன். அந்த 'நி'யும், நாம் நவீனம் என்கிறோமே அதிலிருக்கும் 'நவ'வும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்று போட்டிருந்தது. 'டாக்' என்பதன் வேரை எரிதலைக் குறிக்கும் பழைய வேரோடு, நம் வழக்கிலுள்ள தகிப்போடு, சிலர் இணைக்கிறார்கள், உறுதியில்லையாம். பனிநாட்டில் ஒரு பாதி, நம் நாக்கில் ஒரு பாதி. நான் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து அக்காவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் பொருளைச் சொன்னாராம். அம்மா எழுந்து போய்த் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டி வைத்தாராம்.

இங்கே என் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தீபாவளிக்கு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா சமையலறையில் இருந்தார். இன்றைக்கு இந்தக் கிழவியை ஒரு கை பார்த்துவிடுவது என்று நான் வேண்டுமென்றே கூடத்தில் நின்று, "டாக்னி! டாக்னி! டாக்னி அக்கா!" என்று அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி கத்தினேன். செல்லம்மா அம்மா ஓடிவந்து என் வாயைப் பொத்தினார். எண்ணெய்க் கை, முறுக்கு வாசனை. "சத்தமாச் சொல்லாதடி" என்றார். கண்ணில் அப்படி ஒரு பார்வை. நான் அதை வெறுப்பு என்று நினைத்தேன். முப்பது வயதுக்கு மேல் ஆகியிருந்தது எனக்கு. ஒரு முகத்தைப் பார்த்து அது என்ன என்று சொல்லத் தெரியவில்லை.

அது என்ன என்று காதர் பாய் வந்துதான் சொன்னார்.

பேத்திக்குப் பிள்ளை பிறந்திருந்தது; பேத்தியின் கணவரோடு பதிவுக்கு வந்திருந்தார். ஃபேரர் பார்க்கில் மகள் வீட்டில் இருக்கும் பெரியவர். இளைஞர் பாரம் நிரப்பிக்கொண்டிருக்க, காதர் பாய் சாய்ந்து சாய்ந்து அக்காவின் பெயர் வில்லையையே பார்த்தார். பிறகு விரலால் காற்றில் அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக வரைந்தார்.

"எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாதும்மா. ஆனா இந்த அஞ்சு எழுத்தையும் நான் அடிச்சிருக்கேன். நீ வேலு மகளா?"

அக்கா எழுந்து நின்றுவிட்டார்.

அவரும் வேலுவும் ஜூரோங் கப்பல் பட்டறை ஒன்றில் ஒரே பலகையில் தொங்கியவர்கள். கப்பல் முகப்பில் பெயரின் ஓரங்களை வெல்டிங் கோடாக ஏற்றியிருப்பார்களாம். மேலிருந்து கயிற்றில் பலகை இறக்கி, அதில் நின்றுகொண்டு, அந்தக் கோட்டுக்குள் வெள்ளை அடிக்கவேண்டும். ஓர் எழுத்து ஓர் ஆள் உயரம். "நானும் அவனும் கையெழுத்துக்குப் பதிலா ரேகை வைக்கிறவங்க. உலகத்துக் கப்பலுக்கெல்லாம் பேரெழுதுனோம்" என்று சொல்லிச் சிரித்தார். நான் என் முகப்பில் 'மூடப்பட்டுள்ளது' பலகையை வைத்துவிட்டேன். மேலாளர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"நார்வேக்காரன் கப்பல்மா. கடைசி எழுத்துல நிக்கிறோம். ஃபோர்மேன் கீழருந்து கத்துறான், 'வேலு, பொண்ணு பொறந்திருக்கு, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க'ன்னு. வேலு பிரஷ்ஷக் கீழ விட்டுட்டான். அழுவுறான். ரெண்டு புள்ள போன வீடும்மா அது. உனக்கு முன்னாடி ரெண்டு. அப்புறம் மேல கம்பியில சாஞ்சு நின்ன கப்பல்காரனப் பாத்து, இது என்ன பேரு, என்ன அர்த்தம்னு கேக்கச் சொல்றான். ஃபோர்மேன் கேட்டுச் சொன்னான், புது நாளாம்னு. வேலு புது பிரஷ் வாங்கி அந்தக் கடைசி எழுத்துக்கு மட்டும் ரெண்டு தடவ அடிச்சான். சிகரெட் அட்டையில அப்படியே வரைஞ்சு எடுத்துக்கிட்டுப் போனான்."

"அம்மாவுக்கு அது புடிக்கல" என்றார் அக்கா.

காதர் பாய் அவரை நிமிர்ந்து பார்த்தார். "யாரு சொன்னா?"

இளையவர்களுக்காக ஒன்று சொல்லவேண்டும். பிள்ளை தங்காத வீட்டில் அடுத்துப் பிறக்கும் குழந்தைக்குக் குப்பம்மாள், பிச்சை என்று பெயர் வைப்பது நம் பழைய வழக்கம். இது வேண்டாத பிள்ளை, குப்பையிலிருந்து எடுத்தது என்று எமனை ஏமாற்றுவதற்காக. ஆசைப்பெயர் வைத்தால் அவன் காதில் விழுந்துவிடும் என்ற பயம். செல்லம்மா அம்மா குப்பம்மாள் என்று வைக்கத்தான் சொல்லியிருந்தார். முதல் இரண்டுக்கும் ஆசை ஆசையாகப் பெயர் வைத்து, வாய் ஓயாமல் கூப்பிட்டு, இரண்டையும் இழந்தவர் அவர்.

"வேலு கேக்கல. 'என் புள்ளையக் குப்பைன்னு கூப்பிட எனக்கு நாக்கு வராது'ன்னான். பதிஞ்சுட்டு வந்துட்டான். அன்னிக்கு நான் அவங்க வீட்டுல இருந்தேன். உங்கம்மா பச்ச ஒடம்புக்காரி, உன்னைய மடியில வச்சுக்கிட்டுச் சொல்லுச்சு: 'நீ கடுதாசியில எழுதிட்ட, எழுதிக்க. என் வாயால அது வராது. நான் கூப்பிட மாட்டேன். நான் கூப்பிடாட்டி இது தங்கும்.' வெறுப்பு இல்லம்மா. அது நேர்ச்ச."

அக்கா முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். அன்று அந்தக் குழந்தைக்குச் சான்றிதழ் அச்சிட்டுக் கொடுத்தது நான்தான்.

மறுநாள் காலை கோப்பிக்கடையில் வைத்துச் சொன்னார். வீட்டுக்குப் போனதும் அம்மாவின் காலடியில் தரையில் உட்கார்ந்து, காதர் பாய் வந்தார் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். செல்லம்மா அம்மா, "உங்கப்பா கூப்பிட்டாரு. ஊரு கேக்கக் கூப்பிட்டாரு. எமன் வந்தான். புள்ளைய விட்டுட்டு, கூப்பிட்டவரப் புடிச்சுக்கிட்டுப் போயிட்டான். நான் பாத்துக்கிட்டுத்தானே நின்னேன்" என்றாராம்.

"இப்ப எனக்கு நாப்பது வயசும்மா. இனிமே சொன்னா என்னம்மா ஆகும்?"

"சொல்லமாட்டேன் போடி" என்றாராம் அம்மா. "இன்னும் ஆயுசு இருக்கு உனக்கு."

இதைச் சொல்லிவிட்டு அக்கா சிரித்தார். கண்ணில் தண்ணீர் வழிய, வாய்விட்டுச் சிரித்தார். நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. நாற்பது வருடம். சோறு ஊட்டும்போது, காய்ச்சலில் நெற்றியைத் தொடும்போது, பள்ளிக்கூட வாசலில் தேடும்போது, ஒவ்வொரு முறையும் நாக்கு நுனிக்கு வந்ததை விழுங்கியிருக்கிறார் ஒருத்தி. பேசாமல் இருப்பதை ஓர் ஆயுள்கால வேலையாகச் செய்திருக்கிறார். அவரைப் போய் நான் 'ஒரு கை பார்க்க' நினைத்தேன். அடுத்த தீபாவளிக்குப் போய்க் காலில் விழுந்தேன். எதற்கு என்று அவருக்கும் தெரியும்; "எந்திரி, சேல கசங்குது" என்றார்.

அதற்குப் பிறகு டாக்னி அக்கா முகப்பில் தாய்மார்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. மேலாளர் தம் கண்டிப்புக்குக் கிடைத்த வெற்றி என்று நினைத்துக்கொண்டார். நான் ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டதற்கு, "கூப்பிடாம இருக்கிறதுலயும் ஒரு கூப்பிடுதல் இருக்கு லட்சு. அத நான் எப்படிப் பாரத்துல கேக்குறது?" என்றார்.

போன வருடக் கடைசியில் அவருக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. ஐந்து மாதம். உங்களில் பலர் வந்து பார்த்தீர்கள். எண்பதைத் தாண்டிய அம்மா சக்கர நாற்காலியில் தினமும் வந்து, படுக்கையோரம் உட்கார்ந்து, "பாப்பா, கஞ்சி குடி" என்று சொல்லிக்கொண்டிருந்ததை நீங்களும் கேட்டிருப்பீர்கள். கடைசி வாரங்களில் ஒரு பிற்பகல் எனக்குப் பொறுக்கவில்லை. அம்மா கீழே போயிருந்த நேரம் பார்த்து அக்காவின் காதில் கேட்டேன். "நான் அம்மாகிட்ட சொல்லட்டுமா? ஒரு தடவ, ஒரே ஒரு தடவ பேர் சொல்லிக் கூப்பிடச் சொல்லவா?"

அவர் கண்ணைத் திறந்தார். "ஆசையாத்தான் இருக்கு" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "வேணாம் லட்சு. அம்மா சொல்லாம இருக்கிற வரைக்கும் என்னையக் காப்பாத்திக்கிட்டு இருக்கிறதா நெனச்சுக்கிட்டு இருக்காங்க. அத நான் பிடுங்கக்கூடாது. அவங்க சொல்றப்ப எனக்குக் கேக்காது. பரவாயில்ல. நீ இருப்பல்ல?"

அவருடைய உடலைப் பெட்டியில் கிடத்தி, அவர்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் வைத்திருந்தார்கள். வந்தவர்களுக்குத் தெரியும், நல்ல கூட்டம். சடங்கு செய்ய வந்தவர் தண்ணீரும் தர்ப்பையும் எடுத்து வைத்துக்கொண்டு, வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்: "பேரும் நட்சத்திரமும் சொல்லுங்க." வாழ்நாளெல்லாம் பெயர் பதிந்த பழக்கம், என் வாய்தான் முதலில் திறந்தது. அதற்குள் சக்கர நாற்காலியிலிருந்து ஒரு கை உயர்ந்தது. செல்லம்மா அம்மா நாற்காலியை முன்னால் தள்ளச் சொன்னார். பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இரண்டு பேர் தாங்கிக்கொண்டோம்.

"டாக்னி" என்றார்.

சடங்கு செய்கிறவருக்குச் சொன்ன மாதிரி இல்லை. மகளின் முகத்தைப் பார்த்து, காலையில் எழுப்புகிற குரலில், "டாக்னி... டாக்னிம்மா" என்று கூப்பிட்டார். நாங்கள் எல்லாருமே அந்தப் பெயரை முதல்முறை சொன்னபோது தடுக்கி விழுந்திருக்கிறோம். ஆசிரியர்கள், மேலாளர், நான். அவர் தடுமாறவில்லை. ஐம்பத்தெட்டு வருடம் வெளியே வராத சொல், தேய்ந்த சொல்லைப் போல அவ்வளவு சரளமாக வந்தது. உள்ளுக்குள் தினம் தினம் சொல்லிப் பழகாத நாக்கில் ஒரு பெயர் அப்படி வராது. இந்த வயதில், இவ்வளவு பார்த்த பிறகு, ஒரு மனுஷி வாயிலிருந்து ஒரு பெயர் வருவதைக் கேட்டு நான் கைகூப்பி நின்றேன்.

அக்கா போகும்போது எனக்கென்று விட்டுப்போனது எது என்று யோசித்துப் பார்க்கிறேன். பொருட்களாக ஒன்றுமில்லை. அந்தக் குரல் இருக்கிறது. அவருக்குச் சேரவேண்டியது, நான் வாங்கி வைத்திருக்கிறேன்.

அக்கா, உங்கள் அம்மா உங்களைக் கூப்பிட்டார். மூன்று முறை. நான் இருந்தேன். கேட்டேன்.